ஸைனப் நாயகியின் கயிறு



நம்மைப் போன்ற கடைக்காரர்களுக்குச் சோர்வைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பலகை திறந்து, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்துப் பூட்டுப் போடும்போது கால் வேறு, உடல் வேறாக இருக்கும். ஆயினும் சோர்வைப் பற்றி நாம் உண்மையாகக் கற்றது கடையிலன்று, சைக்கிளின் மேல்! சிரிக்க வேண்டாம், விஷயத்தைச் சொல்லுகிறோம்.

நமக்கு வயது 46. இரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டிருக்கிறது, உடலை அசைக்காவிட்டால் மருந்துதான் என்று டாக்டர் சொன்னபின், பினாங்கில் சில நண்பர்களுடன் சேர்ந்து டிரையத்லான் என்னும் போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். 1500 மீட்டர் நீந்தி, 40 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டி, 10 கிலோமீட்டர் காலால் ஓடுவது அது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட போட்டி. பயிற்சியாளர் ஒரு தாளில் அட்டவணை எழுதித் தந்தார். மூன்று வாரம் படிப்படியாக ஏற்றுவது, நாலாம் வாரம் இறக்கி இளைப்பாறுவது. மூன்றாம் வாரந்தான் கடினமான வாரம்.

அந்த வாரம் திங்களன்று நீச்சல், செவ்வாயன்று ஓட்டம், புதனன்று சைக்கிள் விட்டு இறங்கியவுடனே ஓட்டம். சைக்கிளை விட்டு இறங்கி ஓடினால் முதல் சில நிமிஷங்களுக்குத் தொடை இரண்டும் நம்முடையவை அல்ல, யாரோ இரவல் கொடுத்தவை போலிருக்கும். வியாழனன்று பகலில் நேரமில்லாததால் கடை பூட்டியபின் எட்டு கிலோமீட்டர் ஓடி, படுக்கும்போது மணி பன்னிரண்டரை.

வெள்ளியன்று ஸுபுஹுக்கு வைத்த கடிகாரம் அடித்தது. கை நீண்டு அதை நிறுத்தியது. பத்து நிமிஷம் என்று மனம் சொல்லிற்று. கண் விழித்தபோது சூரியன் ஜன்னலில் நின்றது. வக்து போய்விட்டது! களாத் தொழுதோம். தொழுத கையோடு என்ன செய்தோம் தெரியுமா? அட்டவணையில் வெள்ளிக்கிழமைக்கு 40 கிலோமீட்டர் என்று எழுதியிருந்ததால் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். அட்டவணைக்கு நாம் களா வைக்கவில்லை, சகோதரர்களே.

தெலுக் பஹாங்கைத் தாண்டி பாலிக் பூலாவுக்குப் போகும் மலைப்பாதையில் ஏறும்போது தொடை எரிந்தது, மூச்சு முட்டிற்று. இறங்கிவிடலாம் என்று தோன்றியபோதெல்லாம், இன்னும் ஒரே ஒரு வளைவு என்று சொல்லிக்கொண்டு ஏறினோம். அந்த வளைவு முடிந்ததும் இன்னும் ஒன்று. இப்படி நாலு வளைவு கடந்து உச்சியில் நின்றபோது மார்பு பெருமையால் விம்மிற்று. அடுத்த கணமே ஒரு நினைவு வந்து அந்தப் பெருமையைக் கீழே தள்ளிற்று. மலைக்கு நாலு வளைவு தாங்கிய இந்த உடலுக்கு, படுக்கையிலிருந்து ஒளூச் செய்யும் இடத்துக்குப் பத்து எட்டு வைக்கவா தெம்பில்லாமல் போயிற்று? தெம்பு இருந்தது. அதை எதற்குச் செலவிடுவது என்று நாமே முன்னிரவில் தீர்மானித்துவிட்டோம்.

அன்றைய கணக்கு அதோடு முடியவில்லை. கடையில் ஐந்து வெள்ளி குறைந்ததற்காக வேலைத் தம்பியை நாலு பேர் முன்னால் ஏசினோம். அவன் தலைகுனிந்து, "முதலாளி, ராத்திரி நீங்க தூங்கலையா?" என்று மட்டும் கேட்டான். பிறகு பார்த்தால் கூட்டியதில் பிழை நம்முடையது. ஜும்ஆவில் குத்பா நடக்கும்போது நாம் கண்ணயர, பக்கத்திலிருந்தவர் முழங்கையால் இடித்து, "காக்கா, எழும்புங்க" என்றார்.

இந்த இடத்தில்தான் ஸைனப் நாயகி (ரலி) அவர்களின் கயிறு நமக்கு ஞாபகம் வந்தது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஒருநாள் பள்ளிவாசலுக்குள் வந்தபோது இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருக்கக் கண்டு, இது என்னவென்று வினவினார்கள். அது ஸைனப் நாயகியின் கயிறு, தொழுது களைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று சொல்லப்பட்டது. அதை அவிழ்த்துவிடச் சொல்லி, உற்சாகம் உள்ளவரை தொழ வேண்டும், களைத்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று அருளினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வந்திருக்கும் செய்தி இது.

கவனியுங்கள்! உபரியான வணக்கத்துக்கே அந்தக் கயிறு கூடாதென்றால், ஒரு பதக்கத்துக்காகவும் கல்லாவுக்காகவும் நாம் கட்டிக்கொள்ளும் கயிறுகளை என்னவென்பது? சோர்வு என்று வந்ததும் படுத்துவிட வேண்டுமென்று இதற்குப் பொருளில்லை. பர்ளுக்குச் சோர்வைத் தள்ளிக்கொண்டு எழத்தான் வேண்டும். தூங்குபவன் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுப் போடுகிறான், அல்லாஹ்வை நினைத்தால் ஒன்றும், ஒளூச் செய்தால் ஒன்றும், தொழுதால் ஒன்றும் அவிழ்ந்து மனிதன் உற்சாகத்தோடு காலையை அடைகிறான் என்பதும் நாயகம் (ஸல்) அவர்களின் உபதேசமே. முதல் முடிச்சை அவிழ்க்க ஒரு நினைவு போதும், மலையில் ஒரு வளைவு போல.

ஆகவே ஷைத்தான் போட்ட முடிச்சை அவிழ்ப்பதும், நாமே கட்டிய கயிற்றை அவிழ்ப்பதும் இரண்டும் ஒரே ஆள் செய்ய வேண்டிய வேலை. எது எது என்று அறிவதற்கு நாம் கண்ட சோதனை ஒன்றுண்டு. நம் களைப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நம் கால் வலித்தால் அது நம் செலவு. தொழுகை போயிற்று, வேலையாள் ஏச்சு வாங்கினான், வீட்டில் முகம் சுளித்தோம் என்றால் பிறர் கடனில் நாம் ஓடுகிறோம்.

பயிற்சியாளரிடம் போய் வியாழன் இரவு ஓட்டத்தை அடித்துவிடச் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. ஓடும்போது தசை தேய்கிறது, தூங்கும்போதுதான் அது வலுப்பெறுகிறது, தூக்கமில்லாத ஓட்டம் வீண் என்றார். அன்றுமுதல் பதினோரு மணிக்குப் படுக்கை, ஸுபுஹு ஜமாஅத்தோடு, அதன் பின்னரே சைக்கிள். போட்டியையும் முடித்தோம், பின்வரிசையில்தான். அல்ஹம்துலில்லாஹ்.

வியாபாரிகளாகிய நமக்கு ஆண்டுதோறும் தவறாமல் ஒரு கடினமான வாரம் வருகிறது. ரமளானின் கடைசிப் பத்து! நாயகம் (ஸல்) அவர்கள் இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டு வீட்டாரையும் எழுப்பிய அதே இரவுகளில்தான் நம் கடையில் பெருநாள் கூட்டம் அலைமோதுகிறது. அந்தப் பத்தில் பெரும்பான்மையோர் களைத்துத் தோற்பது அந்தப் பத்திலன்று, ஆயத்தமில்லாத முன் இருபதில். சரக்கை முன்னமே எடுத்து வையுங்கள். வேலையாட்களுக்கு முறை வைத்து, அவர்களும் தொழவும் தூங்கவும் வழி செய்யுங்கள். இப்போதிருந்தே இரவில் இரண்டு ரகஅத்தாவது விடாமல் தொழுது பழகுங்கள். குறைவாயினும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது நாம் அறிந்ததே.

யா அல்லாஹ்! எழ வேண்டிய நேரத்தில் எழும் வலுவையும், அவிழ்க்க வேண்டிய கயிற்றை அவிழ்க்கும் அறிவையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக! ஆமீன்.