பிறர் வலியில் நாம் காட்டும் ஸப்ர்

மேலூர்ப் பக்கத்துச் சகோதரர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். புற்றுநோயால் வருந்தும் தம் தாயாருக்கு மதுரையில் டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அது அபினிலிருந்து எடுப்பது என்று யாரோ சொல்ல, மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். “போதையோடு மௌத்தானால் கலிமா நாவில் வருமா ஹஜ்ரத்? வலியைப் பொறுத்தால் பாவங்கள் மன்னிக்கப்படுமே!” என்றார். அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டோம். இரவெல்லாம் முனகுகிறார்கள் என்றார்.

அபின் என்ற சொல்லே நம்மை அச்சுறுத்துகிறது. ஆனால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச விவசாயிகள் அதைச் சர்க்கார் லைசென்ஸில்தான் பயிரிடுகின்றனர். நீமச், காஸிப்பூர் ஆகிய ஊர்களில் அதிலிருந்து மருந்துச் சரக்கு பிரிக்கும் சர்க்கார் தொழிற்சாலைகள் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் இதற்குப் போட்ட பூட்டு மிகக் கனமானது. ஓர் ஆஸ்பத்திரி மார்ஃபின் வாங்கி வைக்கப் பல லைசென்ஸ்கள் வேண்டியிருந்தன. தண்டனைக்கு அஞ்சிப் பல இடங்களில் வாங்குவதையே விட்டார்கள். திருடனுக்காகப் போட்ட பூட்டு நோயாளியை வெளியே நிறுத்திவிட்டது! 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். மறு ஆண்டு வந்த விதிகளின்படி, மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளை அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் வைத்திருக்கலாம். பயிற்சி பெற்ற டாக்டர் பொறுப்பேற்க வேண்டும். வந்ததும் கொடுத்ததும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆகவே பூட்டைக் கண்டு ஹராம் என்று எண்ணிவிடலாகாது. அது அமானிதத்தின் அடையாளம்.

அழுகிய கையை வெட்டியெடுக்க, உணர்வை மறக்கச் செய்யும் பொருளை உட்கொள்வது கூடும் என்பதே சரியானது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அன்றே தீர்ப்பளித்தார்கள். நிர்ப்பந்தத்தின் அளவுக்கே சலுகை என்பது ஃபிக்ஹின் சட்டம்; டாக்டரும் குறைந்த அளவில் தொடங்கி, வலியைப் பார்த்தே கூட்டுகிறார். முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கும். பெரும்பாலோருக்கு அது தெளிந்துவிடும். மலச்சிக்கல்தான் விடாது, அதற்கும் சேர்த்தே மருந்து எழுதுவார்கள். உண்மையில் கலிமாவை மறக்கடிப்பது எது? இரவெல்லாம் துடிக்க வைக்கும் வலியல்லவா?

ஸப்ர் பெரும் நன்மைதான். தாயாரே “எனக்கு வேண்டாம்” என்றிருந்தால் அது வேறு பேச்சு. அவர்களைக் கேளாமல், அவர்கள் வலியின்மீது மகன் எப்படி ஸப்ர் செய்வது? அந்த நன்மை யார் ஏட்டில் எழுதப்படும்?

சகோதரர் தலைகுனிந்து நின்றார். போகும்போது, “மாத்திரை மிஞ்சினால்?” என்று கேட்டார். கொடுத்த இடத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள் என்றோம். பக்கத்து வீட்டு முதுகுவலிக்கு எடுத்துக் கொடுப்பது ஸதக்கா ஆகாது. அதே அளவு அவர் மூச்சையே நிறுத்திவிடக்கூடும்.