இயந்திரம் நின்ற பின்

2025 நவம்பர் 13-ஆம் நாள் சிறு பயிற்சி விமானம் ஒன்று, தொழில்நுட்பக் கோளாற்றினால், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூரை அடுத்த அம்மாசத்திரம் அருகே திருச்சி நெடுஞ்சாலையிலேயே இறங்கிற்று. செஸ்னா வகை விமானம். உள்ளே இருந்தோர் இருவர். இருவரும் உயிர் தப்பினர். இத்தகைய செய்தியைக் கேட்டதும் விசுவாசிகளாகிய நம் நாவில் முதலில் எழுவது, "கடவுள் காப்பாற்றினார்" என்னும் சொல்லே.

நல்ல சொல்தான். ஆனால் அதே ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அகமதாபாத்தில், மேலெழும்பிய சில நொடிகளிலேயே ஒரு பெருவிமானத்தின் இரு இயந்திரங்களும் உந்துவிசை இழந்தன. அதில் இருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். தரையில் இருந்தோரும் மாண்டனர். அங்கே கடவுள் காப்பாற்றவில்லையா? பிள்ளையை இழந்த ஒரு தாயின் முன் நின்று இந்தச் சொல்லை நாம் உரக்கச் சொல்ல இயலுமா?

இதற்கு விடை தேடுமுன், இயந்திரம் நின்ற பின் என்ன நிகழ்கிறது என்று பார்ப்போம். படவேடு, ஆரணிப் பக்கத்துப் பட்டுத் தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்துவார். இழையை முடிந்த பின்னரே நாடா மீண்டும் ஓடும். வானில் அப்படி நிறுத்திவைத்துச் சீர்செய்ய வழியில்லை. எனினும் சிறு விமானம் கல்லைப்போல விழுந்துவிடுவதுமில்லை. ஆயிரம் அடி உயரம் கைவசம் இருந்தால், எதிர்க்காற்று இல்லாதபோது ஏறத்தாழ ஒன்பதாயிரம் அடி தொலைவு அது மிதந்து செல்லும். அதற்கு வேகம் குன்றலாகாது. தரை நெருங்குவதைக் கண்ட மனிதனின் கையோ விமானத்தின் மூக்கை மேலே தூக்கத் துடிக்கும். தூக்கினால் வேகம் குறையும், இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழக்கும், பிறகு வீழ்ச்சிதான். எனவே மூக்கைத் தாழ்த்தி, மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தைக் காத்து, எஞ்சிய உயரத்தைச் சிறுகச் சிறுகச் செலவிட வேண்டும். உயரம் போதாதபோது புறப்பட்ட ஓடுபாதைக்குத் திரும்ப ஆசைப்படலாகாது. எதிரே கிடைத்த இடத்தில் இறங்க வேண்டும். விமானம் நொறுங்கினாலும் நொறுங்கட்டும், உயிர்கள் பிழைக்க வேண்டும்.

அச்சத்திற்கு நேர் எதிரான இச்செயல்கள் அந்த நொடியில் தாமாகப் பிறப்பவை அல்ல. பயிற்சியின்போது ஆசிரியர் இயந்திர விசையைக் குறைத்துவிட்டு, எங்கே இறங்குவாய் என்று மாணவரைக் கேட்பார். மீண்டும் கேட்பார். மாணவர் சலித்துப்போகும் வரை கேட்பார். புனித தோமா அக்குவினார் விவேகத்தை அறநெறிப் பண்புகளுக்கு வழிகாட்டியாக வைத்தார். அது பழகிப் பழகி ஊறிய செயலறிவு என்பதை விமானப் பயிற்சியில் நாம் கண்கூடாகக் காண்கிறோம். படைத்தவர் உலகை நடத்தும்போது படைப்புகளையும் உண்மையான காரணங்களாகச் செயல்பட வைக்கிறார் என்பதும் அவரது போதனையே. அவ்வாறெனில், சலிக்காமல் கேட்ட அந்த ஆசிரியரின் குரலை இறைப்பராமரிப்பிலிருந்து எப்படிப் பிரிப்பது? வானம் பிளந்து வரும் உதவியை மட்டுமே அற்புதம் என்று எண்ணுவோர், ஆலய உச்சியிலிருந்து குதிக்கும்படி அலகை விடுத்த அழைப்பை நம் ஆண்டவர் மறுத்ததை நினைவிற்கொள்வது நன்று.

ஆனால் இது பாதி விடைதான். நன்கு பயின்றோரும் மாண்டிருக்கிறார்கள். சில வேளைகளில் உயரம் இராது, நேரமும் இராது. சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றி இயேசு பேசியபோது, அவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் என்னும் எண்ணத்தை மறுத்தார். ஏன் அவர்கள்மேல் விழுந்தது என்பதற்கு அவர் காரணம் கூறவில்லை. அவர் கூறாத காரணத்தைத் துக்க வீட்டில் நாம் கூறத் துணிவது பக்தியாகாது. பல வேளை அது கொடுமையாகவே முடிகிறது.

விமானிகளின் பாதுகாவலியாக லொரேத்தோ அன்னையை 1920-இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அறிவித்தார். அவ்வன்னையிடம் நன்றித் திருப்பலிக்குக் கருத்துக் கொடுக்க வருவோர், தப்பியவர் பெயரோடு பயிற்றுவித்தவரையும், விமானத்தைப் பழுதுபார்ப்போரையும் சேர்த்து எழுதலாம். தப்பாமற்போனவர்களுக்காகவும் அதே தாளில் ஒரு வரி எழுதலாம்.