தோட்டா தீர்ந்தவனின் கருணை

1996இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டில் கேமரா நம்முடையதல்ல. மாளிகையின் ஒவ்வோர் அறையிலும் ஏதோ ஒரு மூலையில் ஆணியடித்த மாதிரி நிற்கும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ முனகுவது கேட்கும், தெரியாது. நம் ஆளைத் திருப்புவது குறுகிய சந்தில் லாரியைத் திருப்புவது போல. தோட்டாக்கள் கொஞ்சம். ஆட்டத்தைச் சேமிக்கவே டைப்ரைட்டர் ரிப்பன் வேண்டும், அதுவும் எண்ணித்தான் கிடைக்கும்.

இப்படிப்பட்ட ஆட்டத்தில் சீக்கிரமே ஒன்று புரிந்துவிடும்: கொல்லாமல் போவதுதான் புத்திசாலித்தனம். ஜோம்பியைச் சுற்றிக்கொண்டு ஓடினால் நாலு தோட்டா மிச்சம். அப்படி விடப்பட்ட ஜோம்பிகள் கடைசிவரை அந்த மாளிகையில் உலாத்திக்கொண்டே இருக்கும். இதைக் கருணை என்று யாரும் சொல்லமாட்டோம். சிக்கனம், அவ்வளவுதான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதே ஷின்ஜி மிகாமி இயக்கிய நான்காம் பாகம் 2005இல் வந்தது. குறி வைத்தால் கால் நின்றுவிடும், நடந்துகொண்டே சுட முடியாது. 2021இல் ஆக்குலஸ் குவெஸ்ட் 2க்கு அது வி.ஆர். வடிவம் எடுத்தபோது அந்தத் தடை போய்விட்டது. இடுப்பிலிருந்து மேகசினை நாமே உருவி, துப்பாக்கியில் செருகி, நடந்துகொண்டே சுடலாம். வி.ஆர். என்றால் பயம் பல மடங்கு என்பார்கள். முதல் அரைமணி நேரத்துக்கு உண்மைதான். பிறகு கழுத்தைத் திருப்பலாம், சுவரோரம் எட்டிப் பார்க்கலாம் என்பது உடம்புக்குப் பழகிவிடுகிறது. பழைய பயம் பேயால் வந்ததல்ல, போதாமையால் வந்தது. வி.ஆர். நம் உடம்பை நமக்கே திருப்பிக் கொடுத்ததும் அந்தப் பயம் போகிறது. பயத்தோடு சேர்ந்து இன்னொன்றும் போகிறது.

அந்த ஆட்டத்தின் ஸ்பானிய கிராமத்துக்கு வருவோம். மரத்துக்குப் பின்னால் நிற்கிறோம். ஒரு பெண் வைக்கோலை அள்ளிக்கொண்டிருக்கிறாள். டிவியில் பொம்மை அளவில் இருந்தவர்கள் ஹெட்செட்டுக்குள் நம் உயரத்தில் இருக்கிறார்கள். பார்த்துவிட்டால் கொல்ல வருவார்கள். உள்ளே ஒட்டுண்ணி இருக்கிறது, அதனால் மனிதர்கள் இல்லை என்கிறது கதை. (யாரைக் கொல்ல வேண்டுமோ அவர்களுக்குள் ஒரு புழுவை வைத்துவிடுவது கதைகளுக்கு எவ்வளவு வசதி!) இந்தச் சண்டையில் எல்லோரையும் கொல்லத் தேவையில்லை. குறிப்பிட்ட நேரம் தாக்குப்பிடித்தால் மணி அடிக்கும், ஆயுதங்களைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். டிவியில் அந்த மணிக்காக ஏங்குவோம். வி.ஆரில் கை பழகியவனுக்கு மணியே தொந்தரவு, இன்னும் நாலு பேர் பாக்கி இருக்கும்போது அடித்துவிடுகிறது.

அமெரிக்கத் தத்துவவாதி கெண்டல் வால்டன் 1978இல் ஒரு வாதம் வைத்தார். பேய்ப்படம் பார்ப்பவன் பயப்படுவது நிஜப் பயமில்லை, நாற்காலியை விட்டு எழுந்து ஓடவில்லையே என்று. ஹெட்செட் போட்டவன் ஓடுகிறான், பின்னால் போய்ப் புத்தக அலமாரியில் முட்டிக்கொள்கிறான். 2006இல் மெல் ஸ்லேட்டரின் குழு மில்கிராமின் மின்னதிர்ச்சிச் சோதனையை மெய்நிகரில் செய்துபார்த்தது. வலிப்பவள் கணினி உருவம் என்று தெரிந்தும் பங்கேற்றவர்களின் உடம்பு பதறியது, சிலர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள்.

நண்பர்கள் ஒரே மூச்சில் இரண்டு வாக்கியம் சொல்வார்கள். “நிஜமாவே பயந்துட்டேன்டா.” “கேம்தானே, யாரு செத்தா?” முரண்பாடு மாதிரித் தெரியும், இல்லை. பயம் நிஜமாவதற்கு நான் ஒருவன் போதும். கொலை நிஜமாக இன்னொருவர் வேண்டும், அங்கே யாருமில்லை. கேம்களைத் தடைசெய்யச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லாததும் இதனால்தான். ஆனால் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: தயக்கம். கண்ணுக்கு நேரே வரும் முகத்தைச் சுடுமுன் கை எடுத்துக்கொள்ளும் அந்த அரை நொடி. அது நிஜமாவதற்கும் நான் ஒருவன் போதும். பயம் எவ்வளவு நிஜமோ அதுவும் அவ்வளவு நிஜம். மூணாவது நாள் அது இருப்பதில்லை. அத்தியாய முடிவில் ஆட்டம் கணக்குக் காட்டும்: எத்தனை சதவீதம் குறி தப்பவில்லை, எத்தனை பேரைக் கொன்றாய். தயங்கியதற்கும் விட்டுவிட்டதற்கும் அதில் இடமில்லை.

வி.ஆர். வடிவத்தில் பெண்களிடம் வழியும் சில வசனங்களை நீக்கினார்கள். சரியான முடிவு. டிவியில் சிரித்துக் கடந்துவிடும் ஒரு பேச்சு, நம் எதிரிலேயே நிற்கும் ஆளிடம் சொல்லும்போது வேறாகிவிடுகிறது என்பதை ஒப்புக்கொண்ட மாதிரிதான். ஆனால் கொலைகளில் கைவைக்கவில்லை. நெருக்கம் எல்லாவற்றையும் மாற்றுகிறது என்றால் பேச்சை மட்டும் எப்படி மாற்றும்?

கொலைகளையும் நீக்கியிருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நீக்கினால் ஆட்டமே இல்லை. அங்கே எனக்கு ஒன்றுதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது: தோட்டா இருக்கும்போதும் விட்டுவிட முடியுமா? இப்போது பை நிறையத் தோட்டா வைத்துக்கொண்டு, சுடாமல், அந்தக் கிராமத்து வீட்டுக் கூரையில் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஏணி வைத்து ஏறி வருகிறார்கள். ஏணியைத் தள்ளிவிடலாம். விழுந்து, எழுந்து, மறுபடி ஏணியைச் சாத்துகிறார்கள். மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது.