நனவுக்கு எட்டாப் புலக்காட்சியும் கணனியும்: ஓர் அறவியல் நோக்கு

கண் கண்டும் மனம் அறியாத காட்சிகள் உள என்பது உளவியலார் ஏற்றுக்கொண்ட உண்மையாகும். ஒரு செக்கனின் மிகச் சிறு பின்னமளவே திரையிலே தோன்றி மறையும் சொல்லை ஒருவன் தான் கண்டதாகக் கூறமாட்டான். எனினும், அதன் சுவடு அவனது தெரிவுகளிற் சிறிதளவேனும் படிதல் கூடும். கணனித் திரை இத்தகைய குறிப்புகளை எளிதிற் காட்டவல்லதாதலின், அவ்வாறு காட்டுதல் அறமாகுமா என்னும் வினா எழுகின்றது.

1957இல் அமெரிக்க விளம்பர ஆய்வாளரான ஜேம்ஸ் விக்காரி, நியூ ஜேர்சித் திரையரங்கொன்றிலே சோளப்பொரி உண்ணுமாறும் கொக்கா கோலா அருந்துமாறும் ஏவும் சொற்களைக் கண்ணுக்குப் புலனாகா வேகத்திற் காட்டி விற்பனையைப் பெருக்கியதாக அறிவித்தார். மக்கள் சினங்கொண்டனர். 1962இல், தம்மிடமிருந்த தரவுகள் முடிவெதற்கும் போதாதவை என அவரே ஒப்புக்கொண்டார். நிறுவப்படாத ஓர் ஆற்றலின்மீது எழுந்ததாயினும் அச்சினம் நியாயமானதே. பூட்டைத் திறக்க முயன்று தோற்றவனையும் வீட்டுக்குரியவன் கள்வனென்றே கொள்வான்.

ஆயின், மறைவாகக் காட்டுதல் எல்லாம் குற்றமாகுமா? மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்று நினைவுக் கண்ணாடி என்னும் கருவியைப் பற்றியது. அணிந்தவரின் கவனத்தைச் சிதைக்காது நினைவைத் தூண்டும் பொருட்டு, நனவுக்கு எட்டாக் குறிப்புகள் அதன் சிறுதிரையிலே காட்டப்பட்டன. இத்தகைய கருவியை ஒருவர் தம் மறதிக்கு உதவியாகத் தாமே விரும்பி அணிவாராயின், குறிப்பு மறைவானதாயினும் நோக்கம் வெளிப்படையானது; ஏவுபவரும் ஏவப்படுபவரும் ஒருவரே. விக்காரி கூறிய முறையிலோ பார்வையாளர் எதனையும் கேட்டிலர், மறுக்கவும் வழியிலர்.

இசைவு ஒன்றே போதுமெனவும் கொள்ளுதற்கில்லை. காணவியலாக் குறிப்பு சொன்னபடிதான் அமைந்ததா என்பதை அணிந்தவர் அவ்வேளையில் அறியமாட்டார். ஆகவே, காட்டப்பட்டவற்றைப் பின்னர் எடுத்துப் பார்க்கவும் வேண்டாதபோது நிறுத்தவும் வழியிருந்தாலன்றி அவ்விசைவு முழுமை பெறாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், நனவுக்கு எட்டா உத்திகளால் ஒருவரது நடத்தையைத் திரித்துக் கணிசமான தீங்கு விளைக்கும் முறைமைகளைத் தடைசெய்கின்றது. சட்டம் தீங்கை அளந்து தடை விதிப்பது இயல்பே. எனினும், அளக்கத்தக்க தீங்கு யாதும் நேராதவிடத்தும், ஒருவனது விருப்பத்தை அவனறியாமற் பிறர் ஆக்கிக்கொடுப்பராயின், தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி எனும் அவனது தகுதி குறைவுறுகின்றது. கணனியை ஆக்குவோர் சட்டத்துக்கு முன்னரே எண்ணிப் பார்க்கவேண்டியது இதுவே எனலாம்.