யாருடைய மலாய் நல்ல மலாய்?

ஜப்பானில் இரண்டு வாக்கியம் பேசினால் போதும், எதிரே இருப்பவர் 'நிஹோங்கோ ஜோஸு' என்பார். ஜப்பானியம் நல்லா பேசுறீங்களே என்று பொருள். வேலைக்காக அங்கே இரண்டு வருடம் இருந்தேன். முதல் மாதம் அந்தப் பாராட்டு இனித்தது. மொழித் திறன் தேர்வில் இரண்டாம் நிலை தேறிய பிறகும் அதே பாராட்டு, அதே தொனியில் வந்தபோதுதான் உறைத்தது. அங்கே பிறந்த ஒருவரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

இத்தனைக்கும் தமிழருக்கு அது அவ்வளவு அந்நியமான மொழியில்லை. வினை கடைசியில்தான் வரும். நம் வேற்றுமை உருபுகள் மாதிரி பெயருக்குப் பின்னால் இடைச்சொற்கள் ஒட்டிக்கொள்ளும். 'தபேதே மிரு' என்றால் அப்படியே 'சாப்பிட்டுப் பார்'. அங்கேயும் அது கண்ணால் பார்க்கிற 'பார்'தான். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் 'இத்தெக்கிமஸ்' என்பார்: போயிட்டு வர்றேன். வெறுமனே 'போறேன்' என்றால் நம் பாட்டிகள் திட்டுவார்களே, அதே சங்கதி. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டு மொழிக்கும் உறவுண்டு என்று நூல்களே எழுதினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை (நம்மாட்கள்தான் இன்னும் விடுவதாயில்லை). இலக்கணம் எவ்வளவு நெருங்கினாலும் 'கைஜின்' கைஜின்தான். அந்தச் சொல்லைப் பிரித்தால் 'வெளி ஆள்'.

ஜப்பானியர்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. பினாங்கில் ஒரு சீன அங்கிள் 'என்னா தம்பி, சாப்ட்டாச்சா?' என்று கேட்டால் நாமும்தான் பூரித்துப்போய் வீடியோ எடுக்கிறோம். எனக்கு உறுத்துவது வேறு. இந்தப் பாராட்டு சிலருக்குக் கிடைப்பதே இல்லை.

1972ல் பாயான் லெப்பாஸில் முதன்முதலாகக் கடை விரித்த தொழிற்சாலைகளில் ஹிட்டாச்சியும் கிளாரியனும் உண்டு. இன்று அந்த வட்டாரத்தில் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் நிறைய. வகுப்பு கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. ஷிப்டிலும் ஹாஸ்டலிலும் கேட்டுக் கேட்டே சில மாதத்தில் மலாய் பேசிவிடுகிறார்கள். சந்தைக்குப் போனால் ஹொக்கியனில் விலைகூடக் கேட்கிறார்கள். 'மலாய் நல்லா பேசுறீங்களே' என்று யாரும் அவர்களிடம் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு சொல் தட்டினால் மட்டும் 'இத்தனை வருஷமாச்சு, இன்னும் வரலையா?' என் ஜப்பானியம் சாதனை, அவர்களுடைய மலாய் கடமை. என்னை ஒரு நிறுவனம் செலவு செய்து அனுப்பியது, அவர்கள் கடன் வாங்கி வந்தார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மலேசியா 1982ல் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்தது. பிறகு உபகாரச் சம்பளத்தோடு மாணவர்கள் ஜப்பானியம் படிக்கப் போனார்கள். ஆனால் அதற்கு நாற்பது வருடம் முன்பே இங்கே தமிழர்கள் அந்த மொழியைக் கற்றிருந்தார்கள். பினாங்கு 1941 டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் கைக்குப் போனது. பள்ளிகளில் நிப்போங்கோ நுழைந்தது, கடிகாரம்கூட டோக்கியோ நேரத்துக்கு மாறியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர். கட்டளைகளையும் வசவுகளையும் அவர்கள் காதாலேயே கற்றார்கள். புரியவில்லையென்றால் அடி விழும். 'பாக்கேரோ' என்ற வசவு ஜப்பான்காரன் காலத்தைப் பார்த்த கிழவர்கள் வாயில் கடைசிவரை இருந்தது. அதையெல்லாம் யாரும் மொழியறிவு என்று எண்ணியதில்லை. ஆளை ஏவுவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மொழிதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது.

அப்படியென்றால் வெளியாளை எப்படித்தான் மதிப்பது? பாராட்டாமல் இருப்பதா? நான் தங்கியிருந்த தெருவில் ஒரு காய்கறிக் கடைப் பாட்டி இருந்தார். 'ஜோஸு' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'வா', 'கா' என்ற இரண்டு இடைச்சொற்களில் எது எங்கே வரும் என்பது வெளிநாட்டவரைத் தலைகீழாக நிற்க வைக்கும் சமாச்சாரம். பாட்டி போகிற போக்கில் சரியானதைச் சொல்லிக் காட்டிவிட்டு, முட்டைக்கோஸ் விலை ஏறியதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்துவிடுவார். என் மொழியைவிட முட்டைக்கோஸ்தான் அவருக்கு முக்கியம். அங்கே எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் தொழிற்சாலை வாசலில் நிற்கும் நேப்பாளக் காவலரிடம் பெரும்பாலும் மூன்று சொல்தான் பேசப்படுகிறது: கார், பாஸ், பூட்டு. போன வாரம் பெரிய மழை. கேன்டீன் அக்கா குடையை மடக்கிக்கொண்டே 'உங்க ஊர்ல இப்படிப் பெய்யுமா?' என்று மலாயில் கேட்டார். காவலர் தன் ஊரில் மண் சரிந்து பாதை மூடியதைப் பத்து நிமிடம் சொன்னார். வேலைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாத மலாய். அக்கா நடுவில் ஒரு சொல்லைத் திருத்தினார். அவர் திருத்திய சொல்லையே வைத்துக்கொண்டு மேலே பேசினார்.