தலை நிமிர், எதிரே மனிதர் நிற்கிறார்!

தன்னம்பிக்கை வேண்டும் என்று எங்கெங்கோ அலைகிறாய். காலையில் கண்ணாடி முன் நின்று ‘என்னால் முடியும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாய். யாரோ ஒருவரின் எழுச்சி உரையைக் காதுக்குள் ஓடவிட்டபடியே பஸ் ஏறுகிறாய். நடத்துநர் பக்கத்தில் வந்து நிற்கிறார். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் காசை நீட்டி, இறங்கும் இடத்தை வாய்க்குள்ளேயே முனகுகிறாய். அவர் மறுபடி கேட்டால் உனக்கு எரிச்சல் வருகிறது.

தம்பி, தங்கையே, நீ தேடும் துணிவு பிறக்க வேண்டிய இடமே அதுதான்! ஒரு மனிதரை நேராகப் பார்த்து, ‘அண்ணா, தாம்பரம் ஒண்ணு’ என்று தெளிவாகச் சொல்லத் தயங்கும் நாக்கு, நாளை நேர்காணலில் மட்டும் எப்படிப் புரளும்?

அவரைக் கொஞ்சம் பார். நீளவாக்கில் மடித்த நோட்டுகள் விரலிடுக்கில். தோளில் பை. வண்டி குலுங்கிக் குலுங்கி ஓடுகிறது. கம்பியில் இடுப்பைச் சாய்த்து நின்றபடியே சீட்டுக் கொடுக்கிறார், சில்லறை எண்ணுகிறார், படிக்கட்டில் தொங்கும் பையன்களை உள்ளே வரச் சொல்லி அதட்டுகிறார். புதிதாக ஏறியவர் யார், இன்னும் சீட்டு வாங்காதவர் யார், மீதிச் சில்லறை யாருக்குத் தர வேண்டும் என்பதையெல்லாம் முகம் முகமாக மனத்தில் வைத்திருக்கிறார். அத்தனை நெரிசலிலும் சிதறாத கவனம் எப்படி இருக்கும் என்பதை ஒரு மனிதர் உன் கண்ணெதிரே வாழ்ந்து காட்டுகிறார். நீயோ, கவனத்தை வளர்ப்பது எப்படி என்று கைபேசியில் காணொளி தேடிக்கொண்டிருக்கிறாய்.

மனம் அலைபாய்வதால் நாம் இழப்பது கொஞ்சமல்ல. மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம் கைபேசி வழியாக, நாளின் ஏதேதோ நேரங்களில், ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா’ என்று கேட்டார்கள். 2010இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவு வெளிவந்தது. ஏறத்தாழ 47 சதவீத நேரம் மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்திருக்கிறது. விழித்திருக்கும் வாழ்நாளில் கிட்டத்தட்டப் பாதி! சோறு தின்றும் ருசி தெரியவில்லை, அம்மா பேசியும் காதில் விழவில்லை என்றால் அந்தப் பாதியை நீ எந்தக் கணக்கில் எழுதுவாய்?

‘முன்பின் தெரியாதவரிடம் பேசினால் என்ன நினைப்பார்களோ’ என்பதுதானே உன் தயக்கம்? சிகாகோ நகரில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் இதையே சோதித்தார்கள். ரயிலில் வேலைக்குப் போகிறவர்களில் சிலரிடம், பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள். சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். மற்றவர்களை வழக்கம்போலப் போகவிட்டார்கள். பேசியவர்களுக்கே பயணம் இனிமையாக இருந்தது. ஆனால் பேசினால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டி ஊகிக்கச் சொன்னபோது, மக்கள் நேர்மாறாகச் சொன்னார்கள். 2014இல் வந்த ஆய்வு இது. நீ மௌனமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, உனக்குப் பேசப் பிடிக்காது என்று பக்கத்தில் இருப்பவர் நினைக்கிறார். அவரைப் பற்றி நீயும் அதையே நினைக்கிறாய். இருவருக்கும் நடுவில் நிற்பது வெறும் ஊகம். அதை உடை! (பெண்களுக்கு இதில் வேறு கணக்கும் உண்டு. யாரிடம், எங்கே, எவ்வளவு பேசுவது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். அந்த எச்சரிக்கையைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது.)

இப்படிக் கவனத்தைப் பழக்குவதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கான பொழுதுபோக்கு என்கிறாயா? 1974ஐ எண்ணிப் பார். வியட்நாமில் போர் ஓயவில்லை. அமைதிக்காகக் குரல் கொடுத்ததால் நாடு திரும்ப முடியாமல் பிரான்சில் இருந்தார் திக் நாட் ஹான் என்ற புத்தத் துறவி. குண்டு விழுந்த கிராமங்களில் தொண்டு செய்துகொண்டிருந்த இளைஞர்களுக்காக அங்கிருந்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அந்தத் தொண்டர்களில் சிலர் கொலையே செய்யப்பட்டிருந்தார்கள். சாவு சூழ்ந்த அந்தப் பிள்ளைகளுக்கு அவர் சொன்னது என்ன தெரியுமா? பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதில் மனத்தை வை. அடுத்துக் குடிக்கப்போகும் தேநீரை எண்ணிக்கொண்டு கழுவாதே என்பதும் அதில் இருந்தது. அந்தக் கடிதம்தான் பின்னர் நூலாகி உலகெங்கும் போனது. உடைந்துபோகாமல் அடுத்த கிராமத்துக்கு நடக்க அவர்களுக்குப் பலம் வேண்டியிருந்தது. அதற்கான பயிற்சியை அவர் கழுவும் தொட்டியருகே தொடங்கி வைத்தார்.

உன் வீட்டுச் சமையலறைக்கே வா. ஒரு கண்ணாடி டம்ளர் உடைகிறது. நீ என்ன செய்கிறாய்? கூட்டி அள்ளி, காய்கறித் தோலோடு சேர்த்து ஒரே பையில் போட்டு, முடிச்சுப் போட்டு விடுகிறாய். மறுநாள் காலை அந்தப் பையை ஒரு கை பிரிக்கும். தூய்மைப் பணியாளரின் கை. பல நேரம் உறை இல்லாத கை. உன் கவனக்குறைவு அந்தக் கையில் ரத்தமாக வழியும்.

இங்கே நில்! உடைந்த சில்லுகளைப் பழைய செய்தித்தாளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்று. ‘கண்ணாடி’ என்று மேலே பெரிதாக எழுது. பிளேடையும் ஊசியையும் தனியே வை. நாப்கினைத் தாளில் பொதி. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரி. திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஒவ்வொரு வீட்டின் கடமை என்று சொல்வதும் குப்பையைப் பிரிப்பதைத்தான். ஆனால் சட்டத்துக்குப் பயந்து செய்யாதே. நீ பார்த்தே இராத ஒருவரின் விரலை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டு அந்தத் தாளைச் சுற்று. இரண்டு நிமிடம்கூட ஆகாது. தியானம் கைவரவில்லை என்று புலம்புகிறாயே, அந்த இரண்டு நிமிடமும் உன் மனம் எங்காவது ஓடியதா?

அடுத்தது இன்னும் கொஞ்சம் கடினம். தெருவில் குப்பை வண்டிச் சத்தம் கேட்டதும் பையை வாசலில் வீசிவிட்டுக் கதவைச் சாத்தாதே. வெளியே போ. ‘அக்கா, உங்க பேர் என்ன?’ என்று கேள். வருடக்கணக்காக உன் வாசலுக்கு வருகிறவர். அவர் பெயர் உன் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும்? சொன்னதும் நினைவில் வை. மறுநாள் பெயரோடு சேர்த்து ‘அக்கா’ என்று கூப்பிடு. முதல் நாள் அவர் சந்தேகமாகப் பார்க்கலாம், பதில் சொல்லாமலும் போகலாம். வேலை அவசரம் அவருக்கு. மனம் சுருங்காதே, அடுத்த நாளும் வாசலுக்குப் போ.

வெயில் ஏறிய ஒரு நாள் அவர் தண்ணீர் கேட்பார். உள்ளே போய், நீ குடிக்கிற அதே டம்ளரில் மொண்டு வா. ‘அதுல ஏன்டா குடுக்குற, பின்னாடி பழைய சொம்பு இருக்கே’ என்று உன் வீட்டிலேயே ஒரு குரல் வரலாம். சாதி பார்த்துத் தனிக் குவளை நீட்டும் இரட்டைக் குவளைக் கொடுமையை ஒழிக்க எத்தனையோ பேர் டீக்கடை வாசல்களில் போராடிய மண் இது. அந்தக் குவளை உன் அடுக்களையில் ஒளிந்திருக்க விடலாமா? குரலை உயர்த்தாதே, தலையையும் குனியாதே. ‘இதுலதான் குடுப்பேன்’ என்று சொல். சொல்லிவிட்டு டம்ளரோடு வாசலுக்கு நட!