ஐந்தாம் இடம், ஆறாம் இடம்

இந்தியத் தடகளத்துக்கு 2023 நல்ல வருடம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. எதனால் நல்ல வருடம் என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கத் தோன்றுகிறது.

*

ஆகஸ்ட் 27, புடாபெஸ்ட். உலக சாம்பியன்ஷிப் ஈட்டி எறிதல் இறுதிச் சுற்று. நீரஜ் சோப்ரா 88.17 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார். இந்தியத் தடகளத்தில் அதுவரை யாரும் உலக சாம்பியன் ஆனதில்லை. பக்கம் பக்கமாக அவர் படம் வந்தது, வர வேண்டியதுதான்.

என் கண் பட்டியலின் கீழ்ப்பகுதிக்குப் போனது. ஐந்தாவது கிஷோர் ஜேனா, 84.77. ஆறாவது டி.பி. மனு, 84.14. ஜேனா ஒடிசாவின் பூரி மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்தவர், முதலில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவர். மனு கர்நாடகத்தின் ஹாசன் பக்கம். பன்னிரண்டு பேர் எறிந்த இடத்தில் மூன்று பேர் நம்மவர்கள்.

மேதை எங்கு வேண்டுமானாலும் பிறப்பான். அதற்காக நாடு பெருமைப்பட்டுக்கொள்வதில் எனக்கு எப்போதும் சிறு சந்தேகம் உண்டு. ஆனால் அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நிற்க வேண்டுமென்றால் மைதானம் வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், வேளைக்குச் சாப்பாடு வேண்டும், வீட்டுக்கு அனுப்ப மாதச் சம்பளம் வேண்டும். 88.17 நீரஜுடையது. 84.77, 84.14 இரண்டிலும்தான் நாட்டுக்குக் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

*

ஈட்டி எறிதல் இறுதிக்கு முந்தைய நாள், அதே புடாபெஸ்டில், ஆண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று. முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ். 2 நிமிடம் 59.05 விநாடி, ஆசியச் சாதனை. முன்னால் போன அமெரிக்கர்களுக்கு 2:58.47. இறுதிப் போட்டியில் ஐந்தாம் இடம்தான். அந்த வருடத்தில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது அந்தத் தகுதிச் சுற்றைத்தான்.

கடைசிச் சுற்று ஓடிய ராஜேஷ் நம் ஊர்க்காரர், அப்போது திருச்சியில் ரயில்வே டிக்கெட் பரிசோதகர். அவரிடம் டிக்கெட்டை நீட்டிவிட்டு முகத்தைப் பார்க்காமலே செல்போனுக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

*

விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலை தரும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவைக் கொஞ்சம் இளக்காரமாகச் சொல்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அக்டோபர் 3, ஹாங்சோ ஆசியப் போட்டியில் பாருல் சவுத்ரி 5000 மீட்டர் ஓடினார். முந்தைய நாள்தான் ஸ்டீபிள்சேஸில் வெள்ளி வாங்கியிருந்தார். கால்களில் அந்த அலுப்பு இருந்திருக்கும். கடைசிச் சில மீட்டர்களில் ஜப்பானின் ஹிரோனாகாவை உள்பக்கமாகத் தாண்டித் தங்கம். அந்தக் கடைசி நொடிகளில் என்ன நினைத்தீர்கள் என்று கேட்டதற்கு, உத்தரப் பிரதேச அரசு தங்கம் வாங்கினால் டி.எஸ்.பி. வேலை தரும் என்பதை நினைத்தேன் என்கிற பொருளில் பதில் சொன்னார்.

கேட்டதும் சிரிப்பு வந்தது, அப்புறம் மரியாதை வந்தது. தேசக்கொடியை நினைத்தேன் என்று சொல்லியிருந்தால் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன்.

*

இதே வேலைக் கனவுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. ஹாங்சோவில் ஆசியப் போட்டி நடந்துகொண்டிருந்த அதே நாட்களில், செப்டம்பர் கடைசியில், டெல்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் மாநிலத் தடகளப் போட்டி. ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற பேச்சு பரவியது. ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்தார். எட்டுப் பாதையில் ஒரு பாதையில் மட்டும் ஆள்.

வராதவர்கள் எல்லோரும் ஊசி போட்டவர்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் வளர்ச்சி என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் அந்தக் காலிப் பாதைகளும் கூடவே வருகின்றன. மாநில அளவில் ஒரு பதக்கம், ஒரு சான்றிதழ், அதை வைத்து ஒரு வேலை: பாருலை ஓடவைத்த ஆசை பாதியில் குறுக்குவழி தேடினால் இங்கேதான் வந்து நிற்கும். அவர்களை வெறுக்க முடியவில்லை. தனியாக ஓடி முடித்தவரை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது. ஜெயித்தார். ஆனால் யாரை?

*

ஹாங்சோவில் தடகளத்துக்கு மொத்தம் 29 பதக்கம்: 6 தங்கம், 14 வெள்ளி, 9 வெண்கலம். 1951 டெல்லி ஆசியப் போட்டிக்குப் பிறகு இத்தனை வந்ததில்லை. தங்கம் மட்டும் முந்தைய ஜகார்த்தா போட்டியைவிடக் குறைவு. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. பெண்கள் 800, ஆண்கள் 10,000, டெகாத்லான் என்று பல பக்கங்களில் மேடையில் ஆள் நின்றது.

*

கோயம்புத்தூரின் 400 மீட்டர் தடை ஓட்டக்காரர் வித்யா ராம்ராஜைப் பற்றி எழுதாமல் அந்த வருடத்தை மூடத் தோன்றவில்லை.

1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாக நடந்தது. பி.டி. உஷாவுக்கு அப்போது இருபது வயது. 55.42 விநாடியில் நான்காவதாக வந்தார். வெண்கலத்தை இழந்தது விநாடியில் நூறில் ஒரு பங்கில். அந்த 55.42 பிறகு 39 வருடம் தேசியச் சாதனையாக நின்றது. உஷாவின் பெருமை என்று அதைச் சொல்வோம். பின்னால் வந்தவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்பதும் அதே எண்ணில் இருக்கிறது.

செப்டம்பரில் சண்டிகரில் வித்யா 55.43 ஓடினார். இங்கேயும் நூறில் ஒரு பங்கு. அக்டோபர் 2, ஹாங்சோ தகுதிச் சுற்றில் 55.42. சமன். மறுநாள் இறுதியில் 55.68, வெண்கலம்.

இனி இந்தச் சாதனையை முறியடிக்க நினைக்கிற பெண் 55.41 ஓடியாக வேண்டும். ருமேனியாவின் கோஜோகாரு அன்று உஷாவை முந்தி ஓடிய அதே நேரம்.